எல்லாரும் பாஸான பரீட்சை

என் ஓர்ப்படியை எங்கள் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாயக்கா என்றால்தான் தெரியும். புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ ஊரைக் கூட்டுகிற வாயாடி என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் அவளைப் பேச வைக்க நான் படுகிற பாடு எனக்கல்லவா தெரியும்! குழம்பில் உப்பு கூடிப்போச்சா என்று கேட்டால் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள், அவ்வளவுதான். கூடிவிட்டது என்று அர்த்தமா, பரவாயில்லை என்று அர்த்தமா, அதை நானே சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் வாய் வேலை செய்கிற இடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிற சுகாதார மையம். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் டாக்டரம்மாவுக்கும் நம் பெண்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் சொல்வதை இவர்களுக்குத் தமிழிலும் இவர்கள் சொல்வதை அவருக்கு இந்த ஊர் பாஷையிலும் சொல்வாள். கழுத்தில் தொங்குகிற அட்டையில் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருக்கும். அந்த வார்த்தை யார் நாக்கிலும் ஒட்டவில்லை. "அங்க நமக்கு வாயே அவங்கதான்" என்று யாரோ சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே எழுந்து போய் ஆபீஸ்களில் குப்பைக்கூடை கொட்டித் தரை துடைப்பாள். என் மூத்தாருக்கு இரவுக் காவல் வேலை. அவர் தூங்க வருகிற நேரத்தில் இவள் வெளியே போய்விட்டிருப்பாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பேசிக்கொள்வதே கதவருகில் செருப்பு மாட்டும்போதுதான். நானும் என் வீட்டுக்காரரும் அதே வீட்டில் உள்ளறையில் இருக்கிறோம். எனக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. பகலெல்லாம் மூத்தார் தூங்குவதால் எங்கள் வீட்டில் பாத்திரத்தைக்கூடத் திருடன் மாதிரி எடுத்து வைக்க வேண்டும்.

வாயக்கா இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் அவளுக்குப் பிரசவம். தெரிந்தது ஆமாம் என்கிற ஒரு சொல். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றிருக்கிறாள். கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை, வயிற்றில் தையல். எதற்காக அறுத்தார்கள் என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது. கேட்கத் தெரிந்தபோது, அந்த டாக்டர் ஊரை விட்டே போயிருந்தார். அதற்குப் பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தாள். கடைசியில் பரீட்சை எழுதி அந்த அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒரு தடவை ஒருத்தியின் புருஷன், "இந்தம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது, சும்மா டெஸ்ட் டெஸ்ட்டுன்னு அலைய விடுது" என்று தமிழில் முணுமுணுத்திருக்கிறான். இவள் அந்தப் பக்கம் திரும்பி, மண்ணைக்கூட விடாமல் அப்படியே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த ஆளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டு, எதற்கு அந்த டெஸ்ட் என்று உட்கார வைத்து விளக்கினாராம். இதை வாயக்கா என்னிடம் சொல்லவில்லை. அங்கே நடக்கிறது எதையும் சொல்ல மாட்டாள். அந்த ஆளே மாடிப்படியில் நின்று எல்லாரிடமும் புலம்பித் தீர்த்தான்.

அந்த வருடம் குளிர் விடுகிற சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, உடம்பு முடியலையா?"

"ஒரு கணக்கெடுப்பு வருது."

விஷயத்தை அவளிடமிருந்து பிடுங்குவதற்குள் பால் பொங்கிவிட்டது. மையத்துக்கு வருகிற பணத்தைக் குறைத்துவிட்டார்கள். பல பாஷைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், இனி அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே எந்த பாஷைப் பெண்களுக்கு டாக்டர் பேச்சும் மருந்துச் சீட்டும் புரியாமல் திண்டாட்டமாக இருக்கிறது என்று அளந்து பார்க்கப் போகிறார்களாம். சுகாதார எழுத்தறிவு என்று அதற்குப் பெயராம். கையெழுத்து அழகாக இருக்க வேண்டுமோ என்று கேட்டேன், அவள் சிரிக்கவில்லை. திண்டாடுகிறவர்களுக்கு ஆள் இருக்கும். சமாளிக்கிறவர்களுக்கு நின்றுவிடும், அவர்கள் வீட்டு மனிதர்களைக் கூட்டிவந்து பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

"இதுக்கா இப்படி உட்கார்ந்துட்டீங்க? நம்மாளுங்களைவிடத் திண்டாடறவங்க யாரு இருக்காங்க? மேல் வீட்டு ஸ்வெட்டரக்கா இன்னும் பஸ் நம்பரைக்கூட என்னைக் கேட்டுத்தான் ஏறுது. உங்க வேலை கல்லு மாதிரி இருக்கும்."

"கேள்வி கேக்கப்போறதே நான்தான். வேற தமிழ் தெரிஞ்ச ஆள் இல்லையாம். எதுக்காகக் கேக்கறோம்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லக் கூடாது. சொன்னா பதில் மாறிடுமாம். கையெழுத்து வாங்கிட்டாங்க."

"அப்ப என்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"நெஞ்சு அடைச்சுது, சொல்லிட்டேன். நீ வீட்டு ஆள், உன்கிட்ட கேள்வி கேக்கக் கூடாது. ஆனா நீ வெளியில மூச்சு விட்டேன்னு வச்சுக்க, அன்னைக்கே போய் வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்."

செய்யக்கூடிய ஆள்தான். ஒரு ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த மாதம் முழுக்க நான் மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் அவசர வேலை இருக்கிற மாதிரி ஓடினேன்.

வினோதம் நடந்தது கட்டடத்துக்குக் கீழே இருக்கிற துணி துவைக்கிற அறையில். அங்கே உள்ள மெஷின்களில் ஒன்று எப்போதும் ரிப்பேர், அதன்மேல் துணி மடித்துக்கொண்டுதான் எங்கள் பேச்செல்லாம். முதலில் கேள்விக்குப் போய்வந்தது டீச்சர். ஒரு காலத்தில் நிஜமாகவே பள்ளிக்கூட டீச்சர், இங்கே வந்து முட்டையை அட்டையில் அடுக்குகிற வேலை. வேலை மாறினாலும் குரல் மாறவில்லை. அவள் பேசினால் நாமாகவே நேராக உட்கார்ந்துவிடுவோம்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இது இன்ஸ்பெக்ஷன்" என்றாள் டீச்சர். "வருஷா வருஷம் எங்க ஸ்கூலுக்குப் பெரிய ஆபீசர் வருவாரு. வந்து என்னையா கேள்வி கேப்பாரு? பிள்ளைங்களைத்தான் கேப்பாரு. பிள்ளை முழிச்சா யாருக்கு மெமோ? எனக்கு! இவங்களும் அதேதான் பண்றாங்க. டாக்டர் சொல்றது உனக்குப் புரியுதா, மருந்துச் சீட்டு புரியுதான்னு நம்மளக் கேக்கறாங்களே, அது யாருக்கு வச்ச பரீட்சை? வாயக்காவுக்கு! நாம போய் கஷ்டம், புரியலைன்னு ஒப்பாரி வச்சோம்னா, இத்தனை வருஷமா இந்தம்மா என்னத்தக் கிழிச்சாங்கன்னு கேப்பாங்க. அவங்க வேலைக்கே ஆபத்து."

உண்மை தெரிந்த எனக்கே ஒரு நிமிடம் அவள் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது.

"அப்ப என்ன சொல்லணும் டீச்சர்?" என்றாள் ஸ்வெட்டரக்கா. அவளுக்குக் குளிரூட்டிய கிடங்கில் காய்கறி அடுக்குகிற வேலை. அந்தக் குளிர் எலும்புக்குள்ளேயே தங்கிவிட்டது என்று வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள்.

"நாலு பதில் இருக்கு. மிகக் கடினம், கடினம், எளிது, மிக எளிது. கண்ணை மூடிக்கிட்டு கடைசியைச் சொல்லுங்க. நடுவுல ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்து, இதுல பாதி தின்னா எவ்வளவு சர்க்கரைன்னு ஒரு கணக்கு கேப்பாங்க. அதுக்கு விடையை நான் சொல்லித்தரேன், மனப்பாடம் பண்ணிக்குங்க."

"யாரு டீச்சர் பாதி பாக்கெட்டோட நிறுத்துவா?"

அறையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்ஷன் அன்றைக்குத் தெரிந்த பிள்ளைகள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாத பிள்ளைகள் இடது கையைத் தூக்க வேண்டும், ஆனால் எல்லாரும் தூக்க வேண்டும் என்று தான் சொல்லிவைத்திருந்ததையும், ஒரு பிள்ளைகூடத் தன்னைக் காட்டிக்கொடுக்காததையும் பெருமையாகச் சொன்னாள். அத்தனை பேர் முகத்திலும் அப்படி ஒரு தீர்மானம். தங்களுக்கு உடம்பு சரியில்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத் தாங்களும் ஏதோ செய்யப்போகிறோம் என்கிற சந்தோஷம். நான் ஈரத்துணியைக்கூடப் பிழியாமல் அள்ளிக்கொண்டு மேலே ஓடினேன்.

"அக்கா, கெட்டுது குடி! எல்லாரும் சேர்ந்து உங்க வேலைக்கு உலை வைக்கறாங்க, அதுவும் பாசத்துல. ஒரு வார்த்தை நான் சொல்லிடறேனே?"

"சொல்லாத."

"அட, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"சரி தப்பு கிடையாது, மனசுல உள்ளதைச் சொல்லுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தான் ஆரம்பிக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேலைக்கான நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள்.

ஸ்வெட்டரக்காவிடம் கேள்வி கேட்டது எங்கள் அடுப்படி மேஜையில். அவள் இருப்பது கொழுந்தன் குடும்பத்தோடு. புருஷன் வெளியூர் லாரி ஓட்டுகிறவர், வந்தால் வந்ததுதான். அந்த வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து தனியாகப் பேச ஓர் இடம் கிடையாது. என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன், கதவுக்குப் பின்னால் வரைக்கும்.

"மருத்துவர் உங்களுக்குச் சொல்வதைப் புரிந்துகொள்வது..." என்று வாயக்கா தாளைப் பார்த்துப் படித்தாள்.

"மிக எளிது."

"இன்னும் கேள்வியை முடிக்கலைக்கா."

"முடிங்க, முடிங்க. மிக எளிதுதான்."

"மருந்துப் பெட்டியோடு வரும் துண்டுச் சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பின்பற்றுவது..."

"அதுவும் மிக எளிது."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. போன மாதம்தான் இந்த அம்மா காதில் விடுகிற மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டு கண்ணைப் பிடித்தபடி எங்கள் கதவைத் தட்டினாள். பிஸ்கட் கணக்கு இன்னும் மோசம். பாக்கெட்டை மேஜைமேல் வைப்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிட்டாள்.

பேனாவை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாயக்கா, "அக்கா, உங்களுக்கு நிஜமா எப்படி இருக்கோ அதைச் சொன்னா போதும். இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் இல்ல" என்றாள்.

"எல்லாப் பரீட்சையிலயும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் ஸ்வெட்டரக்கா. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்க மானம் எங்க மானம்."

அவள் போன பிறகு உள்ளே போனேன். வாயக்கா ஒவ்வொரு கட்டத்திலும் மிக எளிது, மிக எளிது என்று குறி போட்டு வைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைத்தியமாக்கா உங்களுக்கு? அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளது எதுவோ அதைப் போடுங்க. பொய்யை அழிச்சுட்டு உண்மையை எழுதறதுல என்ன பாவம்?"

"அவங்க சொன்னது இதுதானே."

"சொன்னது பொய்யி!"

"இருக்கட்டும்டி. நான் சொல்றதைத்தான் டாக்டரம்மா நம்பறாங்க, இவங்களும் நம்பறாங்க. இவங்களுக்கு நல்லதுன்னு நானா ஒண்ணை மாத்த ஆரம்பிச்சா, நாளைக்கு எதை மாத்துவேன், எங்க நிப்பேன்? என் வயித்தை அறுத்தவங்களும் எனக்கு நல்லதுன்னுதான் அறுத்திருப்பாங்க. என்கிட்ட யாரும் கேக்கல."

நான் போய் அரிசி களைந்தேன்.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை அவள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து தாள்களை வாங்கிப் போகிற பெண்ணிடம், இவர்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள், இந்தப் பதில்களை நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். நல்ல பெண்தான் அது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டதாம். அப்படிப் போட இதில் கட்டம் எதுவும் இல்லையே என்று வருத்தப்பட்டதாம். கடைசிப் பக்கத்தில் அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்தில் எழுதிவைக்கிறேன் என்றதாம். அதை யார் படிக்கப்போகிறார்கள்?

முடிவு வந்தது. மையத்து வாசலில் படம் போட்டு ஒட்டினார்கள், ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு கலர் பட்டை. நம் பெண்களுடையதுதான் எல்லாவற்றிலும் உயரம். மேலாளர் அம்மா வாயக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு முன்னேற்றத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று பாராட்டி, கேக் வெட்டினாராம். அதே மேஜையில், இந்த மாதக் கடைசியோடு தமிழுக்கு ஆள் தேவைப்படாது என்கிற கடிதத்தையும் கொடுத்தார். வாயக்கா அந்தக் கேக் துண்டை ஒரு தாள் நாப்கினில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எனக்கு அதைத் தூக்கிக் குப்பையில் எறிய வேண்டும் போல இருந்தது. என் மூத்தார் எழுந்து வந்து, விவரம் தெரியாமல் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டார்.

அன்று சாயங்காலமே பெண்களெல்லாம் எங்கள் வாசலில் திரண்டுவிட்டார்கள். பட்டையைப் பார்த்துவிட்டார்கள். டீச்சர் புதுப்புடவை உடுத்தி முன்னால் நின்றாள்.

"பாத்தீங்களா? எல்லாரும் நூத்துக்கு நூறு! இனிமே உங்க வேலை நிரந்தரம்தானே?"

நான் வாயைத் திறந்தேன். வாயக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையெழுத்துப் போட்ட காரியம் முடிந்துவிட்டது, இனி சொல்லலாம். அவளே சொன்னாள். கூட்டாமல், குறைக்காமல், எதற்காகக் கேட்டார்கள், என்ன முடிவு செய்தார்கள் என்பதைச் சொன்னாள். யார்மேலும் பழி போடவில்லை.

டீச்சர் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். புடவை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்கவில்லை. "இன்ஸ்பெக்ஷன்ல நல்ல பேர் வாங்கின ஸ்கூலை எவனாவது மூடுவானா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறுநாள் எல்லாரும் சேர்ந்து மேலாளரிடம் போனார்கள். வாயக்கா மட்டும் வர மறுத்துவிட்டாள், என் வேலைக்காக நானே எப்படி மொழிபெயர்ப்பது என்று. அதனால் டீச்சர் தன் மகளிடம் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வாங்கி, ராவெல்லாம் உருப்போட்டுக்கொண்டு போனாள். எங்களுக்கு உங்கள் பாஷை தெரியாது, எங்களுக்கு அவர் வேண்டும் என்பது அந்த வாக்கியம். அதை ஒரு எழுத்துப் பிசகாமல், கணீரென்று, வகுப்பில் சொல்கிற மாதிரி சொன்னாளாம். மேலாளர் அம்மா எழுந்து நின்று கைதட்டி, எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள் என்றாராம். அதற்கு மறுமொழி சொல்ல டீச்சரிடம் இன்னொரு வாக்கியம் இல்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வாரம் முழுக்கத் துடைப்பம்தான் வாயக்காவுக்கு. கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முழங்கால் வீங்கிக்கொண்டு வந்தது. பெண்கள் அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள், வெட்கமாம். டாக்டரிடம் புருஷனோடு போனார்கள், பிள்ளைகளோடு போனார்கள். சிலர் போகவே இல்லை. எல்லாரும் எப்படியோ சமாளிக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் படியேறும்போது ஸ்வெட்டரக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறதாம். முகம் வெளுத்துக் கிடந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களாமே, என்ன சொன்னாங்க?" என்றாள் வாயக்கா.

"மாத்திரை குடுத்தாங்க. தலைவலிக்கு."

"உங்களுக்குத் தலைவலியா? எப்பயிருந்து?"

ஸ்வெட்டரக்கா மேலே தன் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். "தலைவலி இல்லம்மா" என்றாள், கேட்டும் கேட்காத குரலில். "எனக்கு மாசத்துக்கு வர்றது நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப திரும்பவும் படுது. கொஞ்சமா இருந்தது, இப்ப அதிகமாவே படுது."

"டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லலியா?"

"கொழுந்தன்தானே கூட வந்துச்சு. டாக்டரம்மா என்ன பண்ணுதுன்னு கேட்டாங்க. அது திரும்பி என் மூஞ்சியப் பாக்குது. நான் கல்யாணமாகி வந்தப்ப டவுசரோட ஓடின புள்ள அது. என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? வாய் வரலை. தலைவலின்னுட்டேன்."



"அது பாவம், நல்லாத்தான் பேசுச்சு" என்று அவளே தொடர்ந்தாள். "எந்தப் பக்கம் வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு அவங்க கேட்டதுக்கெல்லாம் நானும் ஏதோ சொன்னேன். ஸ்கேன்கூட எழுதிக் குடுத்திருக்காங்க. மண்டைக்கு."

சிரிப்பு வருகிற விஷயம்தான். மூன்று பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வாயக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். நின்ன பிறகு படறது சாதாரணம் இல்லக்கா, உடனே பாக்கணும் என்றாள். நான் எப்படிப் போவேன், நீங்கதான் அங்க இல்லையே என்றாள் ஸ்வெட்டரக்கா. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அளந்தார்களே, இதை எந்தக் கட்டத்தில் அளந்தார்கள் என்று யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமை வாயக்கா வேலைக்கு மட்டம் போட்டாள். மூன்று பேருமாகப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் வாயக்காவோடு வருஷக்கணக்காக ஒரே மேஜையில் டீ குடித்தவள். இவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். ஆனால் வாயக்கா உள்ளே போகக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. வேலையில் இல்லாதவர்கள் டாக்டர் அறைக்குள் போகக் கூடாது, புது விதியாம். நோயாளியின் சொந்தக்காரர்கள் மட்டும் போகலாம். சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, நிமிராமல், உறவு என்ன என்று போடட்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கே புரிந்தது.

வாயக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். ஸ்வெட்டரக்கா நெட்டை, இவள் குட்டை. அவள் மாநிறம், இவள் கறுப்பு. இரண்டு பேருக்கும் ஜாடையில் ஒரு மயிரிழை ஒற்றுமை கிடையாது. ஒரு வார்த்தையை மாற்றாதவள் என்று அந்தக் கவுண்டர் பெண்ணுக்கும் தெரியும்.

"தங்கச்சி" என்றாள் வாயக்கா, முதலில் தமிழில், பிறகு அந்த ஊர் பாஷையில்.

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டினாள். உள்ளே போகலாம் என்று கையைக் காட்டினாள்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். தலைவலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரமாக எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. வியாழக்கிழமை அங்கே கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கப்போகிறார்கள். அது எதற்கு, எப்படி எடுப்பார்கள், எவ்வளவு வலிக்கும், என்னவாக இருக்கலாம், எல்லாவற்றையும் ஸ்வெட்டரக்காவே எனக்கு வரிசையாகச் சொன்னாள். பயந்துதான் போயிருந்தாள், ஆனால் தெரிந்து பயந்தாள்.

பஸ்ஸில் வாயக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. வியாழக்கிழமையும் கூடப் போக வேண்டும். இவள் வேலை செய்கிற இடத்துச் சூப்பர்வைசர் இன்றைய லீவுக்கே போனில் கத்தியிருந்தான்.

"வியாழக்கிழமை லீவுக்கு அவன்கிட்ட என்னன்னு சொல்லப்போறீங்க?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு."